தேரிக்குப் போன கதவு

ஒரு ஊர்ல ஒரு கதவு இருந்துச்சாம்.

என்னட்டி சிரிக்க? எல்லாரும் ஒரு ராசா இருந்தாருன்னு தொடங்குவாவ. பெரியம்மா கதையில கதவுதான் முதல்ல வரும், உனக்கென்ன? கண்ண மூடு. அந்தக் கட்டில் பலகை ஓட்டைக்குள்ள விரல விட்டு நோண்டாத, பிரின்சி. ஆச்சி குறட்ட விடுதா, தூக்கம் வரலன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்கு நோண்டிக்கிட்டு கெடக்க. கொர்... கொர்ருன்னு கேக்கத்தான் செய்யும். கேட்டுட்டுப் போகட்டும். நீ எனக்கு "ம்" கொட்டு. ம் நின்னா கதையும் நின்னுரும், ஆமா.

அப்போ அந்த ஊரு தேரிக்காட்டு ஓரத்துல இருந்துச்சு. தேரின்னா செக்கச்செவேல்னு மணலு. மேடு மேடா, கண்ணுக்கு எட்டுன மட்டும் மணலும் பனையுந்தான். அங்க பிரகாசின்னு ஒரு பொம்பள. வீட்டுக்காரரு இன்னாசி பனையேறி. அவரு பதனி எறக்கிட்டு வருவாரு, இவ அதக் காய்ச்சித் தேங்காச் செரட்டையில கருப்பட்டி ஊத்துவா. நாலு புள்ளைய. மண்சுவரு வச்ச ஓலை வீடு, ஒரே அறை. வாசலுக்குக் கதவு கெடையாது, சாக்குதான் தொங்கும். காத்தடிச்சா படபடபடன்னு அடிக்கும், கோழி உள்ள வரும், நாயி உள்ள வரும், ஊரே உள்ள வரும்.

ம் சொல்லு.

அப்புறம் பிரகாசிக்கு ஒரு அக்கா, மிக்கேலம்மா. பக்கத்து ஊர்ல ஓட்டு வீடு, கெணறு, பசுமாடு, எல்லாம் இருக்கு. புள்ள மட்டும் இல்ல. ஒருநா அவ ஜல் ஜல் ஜல்லுன்னு வண்டி கட்டிட்டு வந்து எறங்குனா. தங்கச்சி கையப் புடிச்சா. "ஏ பிரகாசி, உனக்கு நாலு இருக்கு. எனக்கு ஒண்ணு தா. அமலியத் தா. நெல்லுச் சோறு போடுதேன், பள்ளிக்கூடத்துல சேக்கேன், காலுக்குச் செருப்பு வாங்கிக் குடுக்கேன். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வருவேன். ஒரு வார்த்த சொல்லிரு."

அமலி மூணாவது புள்ள. ஆறு வயசு இருக்கும். ரொம்பப் பேசாது, ஒரு மூலையில உக்காந்து கருப்பட்டி செரட்டைய நக்கிக்கிட்டு இருக்கும்.

அப்போ பிரகாசிக்கு மண்ட காஞ்சு போச்சு. குடுத்தா புள்ளைக்கு வயிறு நெறையும். குடுக்கலன்னா புள்ள கண்ணு முன்னால இருக்கும். அக்காவும் பாவம், ராத்திரி ராத்திரி அழுதவ. எது சரி? மண்டைக்குள்ள களக்புளக் களக்புளக்னு பதனி கொதிக்கா மாதிரி "குடு, குடுக்காத, குடு, குடுக்காத"ன்னு ஒரே இரைச்சல். இன்னாசிகிட்டக் கேட்டா. "நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதந்தான்"னுட்டு அவரு சரசரன்னு பனையில ஏறிக்கிட்டாரு. எதாவது கேட்டா அந்த மனுசன் மரத்துல ஏறிக்கிடுவாரு, அப்படி ஒரு பழக்கம்.

ஆண்டவர்ட்டக் கேக்கலாம்னு செபமால எடுத்தா. ஒரு மணி உருட்டுறதுக்குள்ள கோழி வந்துச்சு. ரெண்டாவது மணிக்கு ரெண்டு புள்ளைய சண்ட. மூணாவது மணி எங்க விட்டோம்னே தெரியல.

தூங்கிட்டியா? சரி சரி, ம் கேட்டுச்சு.

அப்போ அந்த ஞாயித்துக்கிழம சாமியார் பிரசங்கம் வைக்காரு. செபம் பண்ணணும்னா உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டுப் பண்ணணும், அப்பத்தான் ஆண்டவரோட தனிச்சு இருக்க முடியும்னு சொன்னாரு. பிரகாசி கன்னத்துல கை வச்சுக்கிட்டா. "ஐயோ மாதாவே, அதானா சங்கதி! இத்தன வருசமா நான் பண்ணுன செபமெல்லாம் சாக்கு வழியா வெளிய போயிருச்சா?"

பூசை முடிஞ்சதும் நேரா சாமியார்ட்டப் போனா. "சாமி, எங்க வீட்டுல கதவு இல்லையே, நான் என்ன செய்ய?"

"அது வந்து... மனசுக்கதவச் சொன்னேம்மா."

"வீட்டுக்கே கதவு இல்ல, மனசுக்கு எங்க சாமி ஆண்டவர் கதவு வச்சாரு?"

சாமியார் தலையச் சொறிஞ்சாரு. கோயிலுக்குப் பின்னால பழைய கதவு ஒண்ணு சாத்தி வச்சிருந்துச்சு, புதுசு போட்டப்போ கழட்டுனது. பலகைக் கதவு, தாப்பா இருந்த எடத்துல ஒரு ஓட்ட. "வேணும்னா அத எடுத்துட்டுப் போம்மா"ன்னாரு. அவருக்கும் வேற ஒண்ணும் தோணல, பாவம். பிரகாசி சும்மாடு கூட்டித் தலையில தூக்கி வச்சுக்கிட்டு நடந்தா. தெருவே வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கு.

வீட்டுக்கு வந்து சாக்க அவுத்துட்டுக் கதவ மாட்டுனா. உள்ள உக்காந்தா. கண்ண மூடுனா. கிர்ர்ர்... கிர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். தொபுக்கடீர்! கதவு பாரம் தாங்காம மண்சுவரு பாதி சரிஞ்சு விழுந்துட்டு. தூசிக்குள்ள இருந்து ஒரு ஆடு எட்டிப் பாத்து "ம்மே"ங்குது. வந்தது கதவு, போனது சுவரு. இன்னாசி பாத்தாரு, பனையில ஏறிக்கிட்டாரு.

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சுரும்.

அப்புறம் அவ கதவத் தூக்கிட்டு வீட்டுக்குப் பின்னால பனங்கூட்டத்துக்குப் போனா. கதவோட ஒரு ஓரத்த மட்டும் ஒரு பனையில நாரு போட்டுக் கட்டுனா, தெறந்து சாத்தலாம்லா. சுவரு இல்ல, கூரை இல்ல, கதவு மட்டும் நிக்கி. இவ அதுக்குப் பின்னால உக்காந்து கதவச் சாத்திக்கிட்டா. அப்போ டொக் டொக். "யாரு?" பக்கத்து வீட்டு சூசைமரி சுத்திக்கிட்டு வந்து நிக்கா. "ஏக்கா, அடுப்புக்கு ரெண்டு கங்கு குடேன்." குடுத்தா. மறுபடி டொக் டொக். இன்னாசி. "பதனிக் கலயம் எங்க வச்ச?" எடுத்துக் குடுத்தா. மறுபடி டொக் டொக். எதுத்த வீட்டுக்காரி, "ஒண்ணும் இல்ல, கதவு நிக்கே, தட்டிப் பாப்போம்னுதான்." பிரகாசிக்கு அழுகையே வந்துட்டு. சாக்கு தொங்குன காலத்துல ஒருத்தரும் தட்டுனது கெடையாது. கதவுன்னு ஒண்ணு வந்ததும் ஊருக்கே தட்டத் தோணுது!

நாளும் ஓடிப் போச்சு. மறுநா விடிஞ்சா ஞாயித்துக்கிழம, அக்கா வந்துருவா. அப்போ பிரகாசி உச்சி வெயில்ல கதவத் தலையில தூக்கி வச்சுக்கிட்டுத் தேரிக்குப் போனா. சறுக்... சறுக்... காலு மணல்ல புதையுது. மேட்டு உச்சியில ஒத்தப்பனை. அதுல கதவக் கட்டிச் சாத்திக்கிட்டு உக்காந்தா. கோழி இல்ல, ஆடு இல்ல, மனுச மக்க இல்ல. காத்து மட்டும் உஸ்ஸ்...ங்குது. இனிமே ஆண்டவர் பேசுவாருன்னு காதக் குடுத்துக்கிட்டு இருக்கா.

பேசுனாரா? அங்கதான் கூத்து. வெளிய சத்தம் அடங்குன பெறகு, உள்ள இருந்தது நூறு மடங்கா எந்திரிச்சுட்டு. குடு, குடுக்காத! குடுத்தா உன்ன மறந்துரும்! குடுக்கலன்னா பசியில வாடும்! நீ ஒரு தாயா? நீ ஒரு தங்கச்சியா? காதப் பொத்திக்கிட்டா. பொத்துனாலும் கேக்கு. உள்ள இருக்குற சத்தத்துக்குக் காதப் பொத்தி என்ன செய்ய? "ஆண்டவரே, பதில் சொல்லும், பதில் சொல்லும்"னு மணல்ல அடிச்சு அழுதா. வீட்டுலயும் இல்ல, பனங்கூட்டத்துலயும் இல்ல, இங்கயும் இல்லன்னா அப்புறம் எங்கதான் போறது? அவளுக்கு ஒண்ணுமே புரியல.

அப்போ, டொக்... டொக்.

தேரி உச்சியில! பிரகாசி நிமிந்து உக்காந்தா. "யாரு?"

தாப்பா ஓட்ட வழியா ஒரு குட்டி விரல் உள்ள வந்துச்சு. கருப்பட்டி ஒட்டுன விரல்.

"அமலியா?"

"ம்."

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"பசிக்கா?"

"இல்ல."

"பொறவு எதுக்குட்டி இந்த வெயில்ல வந்த?"

"சும்மா. ஒங்கூட இருக்க."

கேட்டியா? நாலு பக்கமும் தெறந்து கெடக்கு. மத்தவங்க எல்லாம் சுத்திக்கிட்டு வந்தாவ. இந்தப் புள்ள மட்டும் அம்மா தெறக்கட்டும்னு கதவுக்கு முன்னால, சுடு மணல்ல, கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நிக்குது. பிரகாசி அந்த விரலப் புடிச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் விடவே இல்ல. அப்புறம் கதவத் தெறந்து, புள்ளயத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, மறுபடி சாத்துனா.

புள்ள ஒரு வார்த்த பேசல. நெஞ்சுல சாஞ்சுக்கிட்டு புஸ்... புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்போ பிரகாசி நெனச்சா. இத்தன நாளும் நான் ஆண்டவர் கதவத் தட்டிக்கிட்டே இருந்தேன். அவரு யாருன்னு கேக்கதுக்குள்ள, "அதச் சொல்லு, இதத் தா"ன்னு சத்தம் போட்டேன். சும்மா உங்கூட இருக்க வந்தேன்னு ஒருநாளாவது சொல்லியிருப்பனா? நெனைக்கவே அவளுக்கு வெக்கமாப் போச்சு. கண்ண மூடி மெதுவாச் சொன்னா: "ஆண்டவரே, எனக்கும் ஒண்ணும் வேண்டாம். சும்மாதான் வந்தேன்."

ஆண்டவர் பேசுனாரான்னு கேப்ப. பேசல. ஆனா பதனி பொங்கி வரும்போது ஒரு ஆமணக்கு முத்தத் தட்டிப் போட்டா பொசுக்குன்னு அடங்கும்லா? அந்த மாதிரி அவ மண்டைக்குள்ள பொங்குனது அடங்கிப் போச்சு. காத்து இருந்துச்சு, புள்ள மூச்சு இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. பொழுது சாயுற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே இருந்தாவ.

மறுநா ஜல் ஜல் ஜல். அக்கா வந்துட்டா.

"புள்ளயத் தரலக்கா"ன்னா பிரகாசி.

"ஆண்டவர் அப்படிச் சொன்னாரா?"

"சொல்லல."

"அப்புறம் எப்படிச் சொல்லுத, இதான் சரின்னு?"

"சரியான்னு தெரியலக்கா. என்னால முடியாதுன்னு தெரியுது."

அக்கா அழுதா, ஏசுனா, வாங்கிட்டு வந்த குட்டிச் செருப்பத் தூக்கி வண்டிக்குள்ள எறிஞ்சுட்டுப் போயிட்டா. ரொம்ப நாளு பேச்சு வார்த்த இல்ல. பிரகாசி மட்டும் அப்பப்போ பனங்கூட்டத்துல கதவக் கட்டி அதுக்குப் பின்னால சும்மா உக்காந்திருப்பா. ஊரு தட்டித் தட்டி அலுத்துப் போயி விட்டுட்டு.

அப்புறம் ஒருநா மத்தியானம், டொக் டொக். "யாரு?" "நாந்தான், மிக்கேலு." "என்னக்கா வேணும்?" அக்கா மூக்க உறிஞ்சிக்கிட்டே சொன்னா, "ஒண்ணும் வேண்டாம்டி. சும்மா வந்தேன்." பிரகாசி கதவத் தெறந்தா. அக்கா கையில அந்தக் குட்டிச் செருப்பு.

அந்த வருசம் மழ ஊத்துன ஊத்துல வீடு முழுக்க ஓதம். புள்ள ஈரத் தரையில படுக்குதேன்னு மிக்கேலம்மாதான் ஆசாரியக் கூட்டிட்டு வந்து அந்தக் கதவுக்கு நாலு காலு போட்டுக் கட்டிலாக்கிக் குடுத்தா. "உனக்கு ஆண்டவரோட இருக்கக் கதவு வேண்டாம்டி, இப்ப எங்க உக்காந்தாலும் உனக்கு அமைதிதான்"னு தங்கச்சியச் சீண்டுனாளாம்.

ஆமா, இந்தக் கட்டில்தான். என்னத்துக்கு எந்திரிக்க? படு.

அமலி யாருன்னா கேக்க? அந்தா உள்ள கொர்... கொர்ருன்னு கெடக்காளே, உங்க ஆச்சி, எங்கள எல்லாம் பெத்தவ. அன்னைக்கு ஒரு வார்த்த பேசாம இருந்தவ, இன்னைக்கு வீட்டையே தூக்குதா. அவ அஞ்சாப்போட பள்ளிக்கூடத்த விட்டவ, கஞ்சி குடிச்சே வளந்தவ. சில நேரம் "மிக்கேலு பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தா நல்லாப் படிச்சிருப்பேன்"னு சொல்லுவா. சொன்ன வாய் மூடுறதுக்குள்ள "போயிருந்தா செத்தே போயிருப்பேன்"னும் சொல்லுவா. எது சரின்னு எனக்கும் தெரியலட்டி. பிரகாசிக்கும் கடைசி வரைக்கும் தெரியாது. ஆனா சாகுறப்போ மகள் விரலப் புடிச்சுக்கிட்டு, ஒண்ணும் கேக்காம, அமைதியாப் போனா.

இப்போ அந்த ஓட்டைக்குள்ள விரல விடு. விடுட்டி, நாந்தான சொல்லுதேன். பெரியம்மா கீழ பாயிலதான படுத்திருக்கேன்.

என்ன வேணும்?

ஒண்ணும் வேண்டாமா? ம். அப்போ கதை முடிஞ்சுது, கதவச் சாத்தியாச்சு, விரலப் புடிச்சுட்டேன். ஆச்சி மூச்சக் கேட்டுக்கிட்டே தூங்கு.