ரிப்ரீவ் படித்த கிளி

மிருகங்களும் பறவைகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், பொதிகை மலைக் காட்டுக்குப் புலிதான் ராஜா. ராஜாவின் வார்த்தையைக் காடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை கிளிக்கு. அப்போதெல்லாம் கிளி சொந்தமாகப் பேசும். கொஞ்சம் அதிகமாகவே பேசும். புலி நான்கு வார்த்தை சொல்லி அனுப்பினால் கிளி அதை நாற்பதாக்கிக் கொடுக்கும். கேட்டவர்களும் "அடேயப்பா!" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதுதான் கெடுத்தது.

மலையடிவாரத்தில், நிலம் அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை கூடாரம் போட்டிருந்தார். கிளி தினமும் போய்க் கூடாரக் கயிற்றில் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் துரைக்கு ஒரு கடிதம் வந்தது. படித்தவர் "ரிப்ரீவ்!" என்று கத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். அதென்ன சொல் என்று சமையற்காரர் சவரிமுத்துவிடம் கிளி கேட்டது.

"தூக்குல போட இருந்தவனை, இப்பம் போடாதீங்க, கொஞ்சம் பொறுங்கன்னு நிறுத்தி வைக்கதுக்குப் பேரு அது," என்றார் சவரிமுத்து, வெங்காயம் உரித்துக்கொண்டே. "மன்னிப்பு வேற, இது வேற. மன்னிச்சாச்சுன்னா ஆளு வீட்டுக்குப் போயிருவான். இதுல உசிரு மட்டும் தப்பும், வழக்கு அப்படியே நிக்கும்."

கிளி நன்றாகவே புரிந்துகொண்டது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் புரிந்த சொல்லை எடுத்துவிட ஓர் இடம் வேண்டுமே! மூன்று நாளாக அது அலகுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்?

நான்காம் நாள் இடம் கிடைத்தது. மயிலின் முட்டைகளைத் தின்றதாகக் கீரிமேல் பழி. உச்சி வேளையில் பாறையிலிருந்து அதைத் தள்ள வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. தள்ளும் வேலை கரடிக்கு. கீரியைக் கொண்டுபோன பிறகுதான், உடும்பின் வாயோரத்தில் மஞ்சள் கரு ஒட்டிக் காய்ந்திருப்பதைப் புலி பார்த்தது.

"ஏ கிளி, ஓடு! கரடிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. கீரியைத் தள்ளாதே! விசாரணை பாக்கி இருக்கு!"

கிளி பாறைக்குப் பறந்தது. கீரியின் இடுப்பைப் பிடித்தபடி கரடி விளிம்பில் நின்றது. கீரியின் பெண்சாதி தரையில் புரண்டு அழுதது. சுற்றிலும் கூட்டம். கூட்டத்தைக் கண்டதும் கிளிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கழுத்தைச் சிலுப்பிக்கொண்டு, "ரிப்ரீவ்!" என்றது.

சரியான சொல்தான். அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமாகத் துரையாலும் சொல்லியிருக்க முடியாது. கரடியின் காதில்தான் அது வேறாக விழுந்தது.

"என்னது, திருப்பியா? ஓஹோ, தலைகீழாத் தள்ளணுமாக்கும்," என்று கீரியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தது.

"ரிப்ரீவ்! ரிப்ரீவ்!"

"அதான் திருப்பிட்டேன்லா, பொறு."

கிளி கரடியின் அருகே தத்திப் போனது. அர்த்தம் சொல்லலாம் என்று அவசரமாக வாயைத் திறந்தால், சவரிமுத்து சொன்னது பாதியிலிருந்து வந்தது. "அதாவது கரடியண்ணே, மன்னிப்பு வேற, இது வேற..."

"மன்னிப்பு இல்லையா? அப்பம் சரி," என்று கரடி கையை ஓங்கியது.

கீரியின் பெண்சாதி ஓடிவந்து கிளியின் முன்னால் விழுந்தது. "கிளியக்கா, உங்க படிப்புக்கு ஒரு கும்பிடு! ராசா வாயில என்ன வந்துச்சோ, அதை மட்டும் சொல்லுங்க!"

கிளி கண்ணை இறுக மூடிக்கொண்டது. புலியின் அதே கரகரப்போடு, ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல் வந்தது. "கீரியைத் தள்ளாதே! விசாரணை பாக்கி இருக்கு!"

ராஜாவே பின்னால் வந்துவிட்டார் என்று கரடி துள்ளிப் பின்வாங்கியது. கீரியை மார்போடு அணைத்தபடியே புல்லில் உட்கார்ந்துவிட்டது.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா? அநியாயமா ஒரு உசிரை எங்கையால போக்கியிருப்பேனே!" என்று விம்மியது. கீரியின் பெண்சாதி அழுதது, பிறகு அழுகையோடே சிரித்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் போன உயிர் திரும்பிவந்த மாதிரி இருந்தது. யாரையும்விடக் கிளிக்கு.

பொழுது சாய்வதற்குள் உடும்பு உண்மையை ஒப்புக்கொண்டது. கீரி நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தது. கிளி அதன் வளை வாசலில் போய் நின்றது.

"இனி என் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்க மாட்டேன். கேட்டதைக் கேட்டபடி சொல்லுவேன். இது சத்தியம்."

"அது போதும்க்கா," என்றது கீரி.

அன்றிலிருந்துதான் கிளி, காதில் விழுந்ததை விழுந்தபடியே சொல்கிறது. சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாம் கேலி செய்கிறோம். அது பாட்டுக்குத் தன் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.