டிசம்பர் இதழ் வந்த நாள்

நூலக உதவியாளர் பிச்சாண்டி சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை.

நூலகக் குழுத் தலைவர் வேங்கடபதி ஒரு காலாண்டிதழ் நடத்தினார். அதன் டிசம்பர் இதழ் மார்ச்சில்தான் வந்தது. தாமதமாக வரும் இதழை வாங்குவதை நூலகம் நிறுத்திவிடும். அதனால் தலைவர் பிச்சாண்டியிடம் வந்து உட்கார்ந்து சொன்னாராம்:

"டிசம்பர்லயே வந்துச்சுன்னு பதிவு பண்ணுய்யா. இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை கிடையாது."

"பண்ணிடறேங்க ஐயா. ஆனா பிப்ரவரியில தவறிப்போன புலவர் அருணகிரிக்கு இதுல நீங்க இரங்கல் எழுதியிருக்கீங்க. டிசம்பர்ல அவரு தினமும் இங்க வந்து படிச்சிட்டிருந்தாரு. இதையும் படிச்சாருன்னு எழுதிக்கட்டுங்களா?"

தலைவர் எழுந்து போய்விட்டாராம்.

போன மாதம் பிச்சாண்டியிடம் கேட்டேவிட்டேன்: "அண்ணே, இதை அவரு முகத்துக்கு நேரா சொன்னீங்களா, இல்ல அவரு கேட்டபடியே எழுதிக் கொடுத்துட்டு, வீட்டுக்கு நடந்து போறப்ப இந்தப் பதில் தோணுச்சா?"