எண்ணெய் தேய்த்துக் குளித்த ரெக்கார்டு பெட்டி

ஏழு ஊர்ப் புத்தியையும் ஒரே ஊரில் கொட்டிவைத்தால் எப்படி இருக்கும்? பொட்டல்குளம் மாதிரி மட்டும் இருக்காது. அந்தப் பொட்டல்குளத்துக் கொம்பையாவுக்குத்தான் கல்யாணம்.

பெண்ணின் அப்பா தளவாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவர் வீட்டுப் பழைய ரெக்கார்டு பெட்டி இருபது வருஷமாய் வாயைத் திறக்கவில்லை. முகூர்த்த நேரத்தில் அது பாட வேண்டும். பாடாவிட்டால் தாலி கிடையாது. கொம்பையாவுக்கு அந்தப் பெண் சந்தனமாரி என்றால் உயிர். கூட்டாளிகள் சுடலையையும் ஆவுடையையும் இழுத்துக்கொண்டு, பெட்டியோடு டவுன் மெக்கானிக்கிடம் ஓடினான்.

மெக்கானிக் புது ரப்பர் பெல்ட் மாட்டிக் கொடுத்தார். தட்டு சுற்றும் அச்சில்தான் அழுக்கு, வீட்டிலேயே எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்தால் பாடும் என்றார்.

"எண்ணெய்க் குளியல்னா நாள் பாக்கணும்லா," என்றான் கொம்பையா. "ஆம்பளைக்குச் சனி, பொம்பளைக்கு வெள்ளி. பெட்டி ஆணா பொண்ணா?"

"கடைசியாப் பாடுனது பொம்பளைக் குரலு," என்றான் சுடலை.

"அதுக்கு முந்திப் பாடுனது ஆம்பளைலா," என்றான் ஆவுடை.

யோசித்து யோசித்து, எதற்கு வம்பென்று இரண்டு நாளும் குளிப்பாட்டினார்கள். மூடிமுதல் அடிவரை நல்லெண்ணெய், பிறகு சீயக்காய், சாம்பிராணிப் புகை. எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கக் கூடாதே! ஆவுடை சாயங்காலம் வரை பெட்டியைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டு வாசலில் பந்தல். முகூர்த்த நேரத்தில் பெட்டியை முடுக்கியதும் மோட்டார் உறுமியது. எண்ணெய் குடித்த பெல்ட் வழுக்கியது. தட்டு அசைவேனா என்றது. தளவாய் கையைக் கட்டிக்கொண்டார். கொம்பையாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தட்டு சுத்தாட்டி என்னலே?" என்றான் சுடலை. "பெட்டி சுத்தட்டும்."

ஆவுடை பந்தல் கம்பில் தலைகீழாகத் தொங்கி, ரெக்கார்டு நகராமல் பிடித்துக்கொண்டான். கொம்பையாவும் சுடலையும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வட்டமாக ஓடினார்கள். பாட்டு வந்தேவிட்டது. பாடகியின் குரல்தான் கொஞ்சம் எருமைக் குரலாக இருந்தது. சனிக்கிழமைக் குளியல்தான் ஒட்டியிருக்கிறது என்று சுடலை விளக்கம் சொன்னான்.

ஓட்டம் நின்றால் பாட்டு நிற்கும். பாட்டு நின்றால் கல்யாணமும் நிற்கும். சந்தனமாரி கூறைப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே ஓடி, மாப்பிள்ளைக்குப் பதிலாகப் பெட்டியைத் தாங்கினாள். கொம்பையா சுற்றுக்கு ஒரு முடிச்சாக மூன்று முடிச்சும் போட்டான். பாட்டைக் கிட்டத்தில் கேட்கும் ஆசையில் தளவாயும் மனைவியும் பின்னாலேயே ஓடினார்கள்.

பாட்டு முடிந்து எல்லோரும் மூச்சு வாங்க நின்றபோது, மொத்தம் இரண்டு மைல் ஓடியிருக்கிறோம் என்று சுடலை கணக்குச் சொன்னான். மாப்பிள்ளை வீடும் அங்கிருந்து சரியாக இரண்டு மைல். வந்து சேர்ந்தாயிற்றே என்று சந்தனமாரி எதிரே இருந்த வீட்டுக்குள் வலதுகால் எடுத்துவைத்துப் போனாள்.

"எங்க வீடு மாதிரில்லா இருக்கு," என்றார் தளவாய்.

"ரெண்டு மைல் ஓடுன காலு பொய் சொல்லுமா, மாமா?" என்றான் கொம்பையா.

தளவாய்க்குக் கூச்சமாகிவிட்டது. பெண் கொடுத்த வீட்டில் அன்றைக்கே பந்தியில் உட்கார்ந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? வந்த வழியே தம் வீட்டுக்குத் திரும்பிவிடுவதென்று, மனைவியோடு பந்தலை எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார்.

பாதி வழியில் நாக்கு வறண்டது. எதிர்ப்பட்ட ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டார். சொம்போடு வெளியே வந்தவள் சந்தனமாரி.

தளவாய்க்கு மனசு நிறைந்துவிட்டது. "ஏளா, பாத்தியா," என்றார் மனைவியிடம். "நல்லவேளை, பொண்ணைப் பக்கத்துலயே குடுத்திருக்கோம். நட, இன்னும் ஒரு மைல்தான்."