ஓரம் இல்லாத பிரெட்டு

ஒரு மலை மேல ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு வீடு, அந்த வீட்டுப் பரண்ல ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள்ள ஒரு பிரெட் மெஷினு. காலை ஆட்டாதே. போர்வைக்குள்ள வை. நீ "ம்" கொட்டினாத்தான் பெரியம்மா மேல சொல்லுவேன்.

ம். அப்படி வா வழிக்கு.

அந்த மெஷினை சிங்கப்பூர்ல இருந்து அந்த வீட்டு மருமகளோட நாத்தனார் அனுப்பியிருந்தா. மாவு, தண்ணி, மாவைப் பொங்க வெக்கிற ஈஸ்ட்டு எல்லாம் போட்டுப் பட்டனை அமுக்கினா, அதுவே பிசைஞ்சு, அதுவே பொங்க வெச்சு, அதுவே சுட்டுக் குடுத்துரும். நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? அழுக்காயிரும்னு வந்த அன்னிக்கே பரண்ல ஏத்திட்டாங்க!

அந்த வீட்ல தாரிகான்னு ஒரு குட்டிப் பொண்ணு, அவ அம்மா வினோதினி, வினோதினியோட மாமியாரு. அப்பா வேலையா கீழ ஊருக்குப் போயிருந்தாரு. அப்போ பாரு, சோ...ன்னு மழை. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுப்போச்சு. அப்பா அந்தப் பக்கம், இவங்க இந்தப் பக்கம்.

அந்த நேரம் பார்த்துத் தாரிகாவுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்குது. டாக்டர் குடுத்த மருந்தை வெறும் வயித்துல குடுத்தா, உவ்வே...! அப்படியே வெளிய வந்துருது. கஞ்சி குடுத்தா வாயை இறுக்கி மூடிக்கிட்டா. ரசம் சாதம்னா தலையைத் திருப்பிக்கிட்டா. "பிரெட்டு"ன்னா. அவ்வளவுதான், வேற பேச்சே இல்லை.

ஏன்னா எப்பக் காய்ச்சல் வந்தாலும் அப்பா பிரெட்டு வாங்கிட்டு வருவாரு. ஓரத்தை எல்லாம் பிச்சுத் தான் தின்னுட்டு, நடு வெள்ளையை மட்டும் பால்ல தொட்டு ஊட்டுவாரு. ஓரம் இருந்தா அவ தொடவே மாட்டா. கடைக்காவது ஓடலாம்னா, பிரெட்டும் அந்த ரோட்டு வழியாத்தானே வரணும்?

வினோதினி அடுக்களையை ஒரு சுத்துப் பார்த்தா. அப்புறம் பரணைப் பார்த்தா. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினா. உள்ள மூணே மூணு ஈஸ்ட் பாக்கெட்டு. தூங்கிட்டியா?

ம். நல்ல பொண்ணு.

முதல் பாக்கெட்டைப் பிரிச்சா. மாமியாரு சொன்னாங்க, "இந்தக் குளிர்ல இட்லி மாவே பொங்காது. நான் சுடுதண்ணி ஊத்தித்தானே பொங்க வெக்கிறேன்? இதுக்கும் ஊத்து." ஆவி பறக்க ஊத்திட்டா. கிர்ர்... தட் தட் தட்... மெஷின் சுத்துது, குழந்தை முனகுது. கடைசியில பீப் பீப்! திறந்து கவுத்தா, டொக்! செங்கல்லு. ஒரு விரக்கடை கூடப் பொங்கலை.

மாமியாரு அதைத் தட்டிப் பார்த்துட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. "மாவுல சுடுதண்ணி ஊத்தினா நான் கையை விட்டுல்ல கலக்குவேன்? கை தாங்குற சூடுதான் மாவும் தாங்கும். இதுல யாரு கையை விட்டது? ஈஸ்ட்டு வெந்தே போயிருக்கும்!"

அப்புறம் ரெண்டாவது பாக்கெட்டு. தண்ணியில விரலை விட்டுப் பார்த்து ஊத்தினா. மூடினா, பட்டனை அமுக்கினா. கிர்ர்... கிர்ர்... இந்தத் தடவை தட் தட் இல்லை. ஏதோ மாதிரி இருக்கேன்னு தோணுச்சு, ஆனா திறந்தா கெட்டுப்போயிருமோன்னு பயம். பீப் பீப்! திறந்தா அடியில கூழு, மேல பச்சை மாவு. திரும்பிப் பார்த்தா, மாவைக் கலக்குற குட்டி இறக்கை கழுவின பாத்திரத்தோட கரண்டிக் கூடையில கிடக்கு! சிரிக்கிறியா? அங்க அவ அழுதுட்டா. தாரிகா இப்போ பிரெட்டுன்னு கூடக் கேக்கலை. கேக்கவும் தெம்பில்லை.

மூணாவது பாக்கெட்டு. கடைசி.

இறக்கையை மாட்டி, கையை விட்டு ஆட்டிப் பார்த்தா. தண்ணியை மணிக்கட்டுல ஊத்திப் பார்த்தா. கிர்ர்... தட் தட் தட்... உருண்டை திரண்டுச்சு. அப்புறம் மெஷின் சத்தமில்லாம நின்னு, மாவு மெல்ல மெல்ல, புசுபுசுன்னு மேல வந்துச்சு. மாமியாரும் மருமகளும் மூச்சு விடலை. இன்னும் சுட வேண்டியதுதான் பாக்கி.

டப்!

கரண்ட் போச்சு.

ஊரே இருட்டு. வரும் வரும்னு உக்காந்திருந்தாங்க. வரலை. "அத்தை, இன்னும் வெச்சா மாவு அமுங்கிரும். என் குழந்தைக்கு நான் என்னத்தைக் குடுப்பேன்?" வினோதினி அழ ஆரம்பிச்சுட்டா. மாமியாரு எந்திரிச்சாங்க. "அழுதது போதும். கேஸ் இருக்குல்ல? இட்லிப் பானையை எடு."

"பிரெட்டை யாராவது அவிப்பாங்களா அத்தை?"

"இன்னிக்கு நாம அவிப்போம்."

எண்ணெய் தடவின கிண்ணத்துல மாவை மெதுவா இறக்கி, பானையில வெச்சு மூடினாங்க. புஸ்... புஸ்... புஸ்... மெழுகுவத்தி வெளிச்சத்துல மூடியைத் திறந்து ஒரு குச்சியைக் குத்தினாங்க. ஒட்டாம வந்துச்சு. வெள்ளை வெளேர்னு, பஞ்சு மாதிரி ஒரு பிரெட்டு. வினோதினிக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

பால்ல தொட்டு வாய்கிட்ட கொண்டு போனா. தாரிகா ஒத்தைக் கண்ணைத் திறந்து பார்த்தா. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தா.

"ஓரத்தை யாரும்மா பிச்சா? அப்பா வந்துட்டாரா?"

அம்மா மாமியாரைத் திரும்பிப் பார்த்தா. மாமியாருதான் சொன்னாங்க, "அப்பாதாண்டா பிச்சு அனுப்பினாரு. சாப்பிடு."

ஆ...ன்னு வாயைத் திறந்தா. ஒரு வாய், ரெண்டு வாய், கிண்ணம் பாதி காலி. அப்புறம் மருந்து. குடுத்துட்டு ரெண்டு பேரும் அவ மூஞ்சியையே பார்த்துட்டு உக்காந்திருந்தாங்க. வாந்தி வருமா? வரலை. கொஞ்ச நேரத்துல நெத்தி வேர்த்துச்சு, குளிர்ந்துச்சு.

விடிஞ்சதும், முட்டி வரைக்கும் சேறோட அப்பா நடந்தே வந்துட்டாரு. சட்டைக்குள்ள ஒரு பிரெட் பாக்கெட்டு. உக்காந்து ஓரத்தைப் பிய்க்க ஆரம்பிச்சாரு. தாரிகா சொல்றா, "நேத்து நல்லாப் பிச்சு அனுப்பினியேப்பா. இன்னிக்கு என்ன ஒட்டிக்கிட்டே இருக்கு?"

அவரு முழிக்கிறாரு. வினோதினி அந்த ஓரத்தை வாங்கித் தன் வாயில போட்டுக்கிட்டு, "ஆமாங்க, நேத்து நல்லாப் பிச்சிருந்தீங்க"ன்னா.

ம்?

சத்தத்தையே காணோம். சரி, பானையை இறக்கியாச்சு, கதையும் ஆறியாச்சு. தூங்கு கண்ணு.