சிவப்பு விமானத்தின் இறக்கை நீளம்

“இறக்கை ரெண்டு மில்லி குறையுதுங்க அம்மிணி” என்றார் மருதாசலம்.

யூனிஸ் நிமிரவில்லை. அவள் கையில் யாருக்கோ போக வேண்டிய கடைவாய்ப் பல் ஒன்று இருந்தது. அதை ராவிக்கொண்டே கேட்டாள்.

“எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?”

“வரைபடத்தோடதானுங்க.”

“சரிங்க ஐயா. அப்ப ரெண்டு மில்லி சேர்த்துருங்க.”

சீடர் மருதாசலத்துக்கு வயது அறுபத்திரண்டு. குரு யூனிஸுக்கு முப்பத்து நாலு. காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் பல்செட் செய்து கொடுப்பது குருவின் தொழில். பழைய பந்தய விமானங்களின் பிளாஸ்டிக் மாடல் பெட்டிகளைத் தேடி வாங்கி, உதிரிகளைத் திருத்தி ஒட்டி, உள்ளங்கை அளவு விமானமாக்குவது குருவின் பைத்தியம். அலமாரியில் பல்செட்டும் விமானமும் மாறி மாறி உட்கார்ந்திருக்கும்.

மருதாசலம் முதல்முறை அங்கே வந்தது சண்டை போடத்தான். தனக்குக் கட்டிய பல் கால் மில்லி உயரம் என்று வெர்னியர் அளவுகோலும் கையுமாக வந்தார். பம்பு கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். அளக்காமல் எதையும் வாய்க்குள் விடமாட்டார்.

யூனிஸ் பல்லைச் சரிசெய்து முடிப்பதற்குள் மனுஷன் அலமாரியைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு சண்டை ஞாபகமே இல்லை.

“எனக்கும் இதைச் சொல்லித் தருவீங்களா அம்மிணி?”

“எதுக்குங்க ஐயா?”

“முப்பத்தஞ்சு வருசம் அடுத்தவன் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிச்சேனுங்க. நானா ஒரு சாமான் செஞ்சதில்லை. கண்ணை மூடறதுக்குள்ள ஒன்னே ஒன்னு செஞ்சு, இது நான் செஞ்சதுன்னு வெச்சுப் பாக்கோணும்.”

யூனிஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. சனிக்கிழமை தவறாமல் வருகிறார். விமானம்தான் ஒன்றுகூட முடியவில்லை.

இப்போது கையிலிருப்பது மூன்றாவது பெட்டி. அறுபதுகளில் வந்த பழைய சரக்கு. நிஜ விமானம் அதற்கும் முப்பது வருஷம் மூத்தது. ஐரோப்பாவில் பந்தயம் ஓடிய, ஒரே ஒருத்தர் உட்காரக்கூடிய சிவப்பு விமானம்.

பழைய பெட்டி என்றால் கோளாறு இல்லாமல் இருக்குமா? உடலின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றன. நிஜ விமானத்துக்கு மர இறக்கை. பெட்டிக்காரரோ இறக்கை முழுக்க, தகரத்தில் அறையும் ரிவெட் ஆணித் தலைகளை வைத்திருந்தார். ஒவ்வொன்றும் நிஜ அளவுக்குக் கணக்குப் பார்த்தால் இட்லி அளவு.

மருதாசலம் இட்லிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். இடுக்குகளில் பட்டி பூசினார். மறுபடி தேய்த்தார். அதிலெல்லாம் அவரைக் குறை சொல்ல முடியாது. கை அப்படி ஒரு கை.

சொன்னபடியே இறக்கை நுனியில் இரண்டு மில்லி சேர்த்தார். அதற்கு ஐந்து வாரம் பிடித்தது.

ஆறாவது வாரம் புனேயிலிருந்து ஒரு நண்பர் வேறொரு வரைபடம் அனுப்பினார்.

“அம்மிணி, மோசம் போயிட்டேனுங்க. பெட்டியில இருந்த நீளம்தான் சரியாம்.”

“சரிங்க ஐயா. அப்ப வெட்டிருங்க.”

வெட்டினார். வெட்டிய இடத்தை மழுக்கிப் பிரைமர் அடித்தார். அது காய்ந்த அன்றைக்கு, எந்த நேரத்தில் எழுதிப் போட்டாரோ, பிரான்சில் ஒரு மியூசியத்திலிருந்து மூன்றாவது வரைபடம் வந்து சேர்ந்தது.

அதன்படி பார்த்தால் இன்னும் ஒரு மில்லி வெட்ட வேண்டும்.

“சரிங்க ஐயா” என்றாள் யூனிஸ்.

மருதாசலத்துக்குக் கோபம் வந்தது. அந்த மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

“கூட்டுன்னாலும் சரிங்கறீங்க, வெட்டுன்னாலும் சரிங்கறீங்க. எதுதானுங்க சரி?”

“மூணும்.”

அவர் எழுந்து போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது கையில் பெட்டி இருந்தது. எல்லா உதிரியும் அதற்குள். சிவப்பு பெயிண்ட் புட்டியைக்கூட விடவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

“இதை நீங்களே வெச்சுக்குங்க அம்மிணி. எனக்குக் குத்தம் கண்டுபிடிக்கத்தான் வரும்போல இருக்கு. செய்யறதுக்கு வேற ஆள் வேணும்.”

சொல்லிவிட்டுப் பெட்டியை ஒருதடவை தடவிக்கொடுத்தார். வயசான காலத்தில் இதற்கெல்லாமா துக்கம் என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். துக்கம்தான்.

யூனிஸ் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீடருக்கு அது வேறு சுருக்கென்றது.

பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்தாள். உள்ளே மூன்று போட்டோ. மூன்றிலும் அந்தச் சிவப்பு விமானம்தான். கறுப்பு வெள்ளைப் படம் என்றாலும் மருதாசலத்துக்கு அடையாளம் தெரியாதா?

“பின்னால தேதி இருக்குது பாருங்க” என்றாள்.

திருப்பினார். மே மாதம். ஜூலை மாதம். செப்டம்பர். ஒரே வருஷம், மூன்று பந்தயம்.

முன்பக்கம் திருப்பினார்.

மே மாதப் படத்தில் இறக்கை நுனியில் வெள்ளையாக ஒரு பட்டை அடித்திருந்தது, நல்ல அகலமாக. ஜூலைப் படத்தில் பட்டை பாதிதான் இருந்தது. செப்டம்பரில் வெறும் கோடு.

மருதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அறுத்திருக்கானுங்க” என்றார்.

“ஆமாங்க.”

“இன்னும் வேகம் வேணும்னு, ரம்பத்தை வெச்சு, இறக்கையை அறுத்துப்போட்டானுங்க. அதுவும் ரெண்டு தடவை.”

“ஆமாங்க ஐயா.”

அவர் சட்டென்று உட்கார்ந்தார். மூன்று வரைபடத்தையும் மனசுக்குள் விரித்தார். முதலாவது மே. இரண்டாவது ஜூலை. மூன்றாவது செப்டம்பர். யாரும் தப்பாக வரையவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். அலமாரியில் இருந்த பல்செட்டுகளும் அவரோடு சேர்ந்து சிரிப்பதுபோல் இருந்தது.

“இதை முதல்லயே காட்டியிருக்கலாமல்லங்க அம்மிணி?”

“முதல்லயே காட்டியிருந்தா மூணு விமானம் ஆரம்பிச்சிருப்பீங்க.”

அவர் தலையாட்டிச் சிரித்தார்.

ஆனாலும் பரிசோதகர் உடம்பு அவ்வளவு லேசில் அடங்குமா? செப்டம்பர் படத்தை மறுபடி எடுத்தார்.

“அப்ப செப்டம்பர்ல இருந்ததுதான் முழுசா திருத்தின விமானம். அதைத்தான் செய்யோணும், இல்லீங்களா?”

“அக்டோபர்ல எஞ்சின் மூடியை மாத்தினாங்க.”

“அக்டோபர்லயா?”

“அடுத்த வருசம் வாலையே மாத்திட்டாங்க.”

மருதாசலத்தின் முகம் தொங்கிப்போனது. போட்டோவை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அப்ப அவனுங்க எப்பத்தானுங்க அதைச் செஞ்சு முடிச்சானுங்க?”

“முடிக்கவே இல்லீங்க.”

“முடிக்காமலா பறந்தானுங்க?”

“கப்பும் வாங்கினாங்க.”

அவர் மூன்று போட்டோவையும் வரிசையாக அடுக்கினார்.

“என்னாட்டம்தானே அவனுங்களும்” என்றார் கடைசியில். “எந்நேரமும் எதையாச்சும் திருத்திக்கிட்டே இருந்திருக்கானுங்க. அவனுங்க விமானம் மட்டும் எப்படிங்க கிளம்புச்சு?”

யூனிஸ் பல்லைக் கீழே வைத்தாள்.

பெட்டியைத் திறந்து உடலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டு இறக்கையையும் பக்கத்தில் வைத்தாள். பசைப் புட்டியை நகர்த்தி வைத்தாள்.

பிறகு மேசை துடைக்கும் மஞ்சள் துணியை உருவிக்கொண்டு வாசல்பக்கம் போய் நின்றாள். பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் கொடிபோல் துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

மருதாசலத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பதறிவிட்டார்.

“இருங்க அம்மிணி, இருங்க. இடது நுனியில பிரைமர் இன்னும் ஒருதடவை…”

துணி சரேலென்று கீழே இறங்கியது.

அவர் பசைப் புட்டியின் மூடியைத் திருகியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அறுபத்திரண்டு வயது விரல்கள் அப்படிப் பறந்தன. வலது இறக்கை உட்கார்ந்தது. இடது இறக்கை உட்கார்ந்தது. வால் ஏறியது. சக்கரம் ஒன்று மேசைக்கடியில் உருண்டபோது அதை அவரே குனிந்து தேடி எடுத்தார். யூனிஸ் கிட்டேகூட வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அது விமானமாகிவிட்டது. பெயிண்ட் மட்டும் பாக்கி. அதை அடுத்த சனிக்கிழமை ஒரே மூச்சில் அடித்தார்.

சிவப்பு காய்ந்ததும் விமானத்தை இரண்டு விரலால் எடுத்தார். கையை உயர்த்தினார். உதடு தானாகவே எஞ்சின் சத்தம் போட ஆரம்பித்தது. அறையை ஒரு சுற்று சுற்றினார். அலமாரி அருகே சாய்ந்து திரும்பினார். பம்பு கம்பெனியில் அவரைக் கண்டால் நடுங்கியவர்கள் யாரும் நல்லவேளையாக அங்கே இல்லை.

மூன்றாவது சுற்றில் யூனிஸ் கேட்டாள்.

“ஐயா, இறக்கை எத்தனை மில்லி குறையுது?”

மருதாசலம் நிற்கவில்லை.

“பறந்துட்டிருக்கறதை எப்படிங்க அம்மிணி அளக்கறது?”