காவிக்கு முன் ஒரு வார்த்தை

"நான் யார் சாமி?" என்று சிதம்பரநாதன் மூன்று மாதத்தில் நான்கு முறை கேட்டுவிட்டார். மடத்துக்கு வருகிற எல்லாரும் கேட்கிற கேள்விதான். குரு சிதம்பரநாதனைவிடப் பத்து வயது இளையவர், அதிகம் பேசாதவர். துறவு கேட்டபோது மட்டும், மனைவியின் சம்மதம் வேண்டும், இந்த மடத்து வழக்கம் அது என்றார்.

அவள் அப்போதே சம்மதம் சொல்லிவிட்டாள் என்றார் சிதம்பரநாதன். பச்சைப் பொய்.

குறித்த நாள் காலையில் மொட்டைத் தலையோடு காவிரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். படித்துறையில் குரு காவித் துணியோடு நின்றார். அப்போதுதான் தையல்நாயகி படியிறங்கி வந்தாள். குருதான் ஆளனுப்பி வரவழைத்திருந்தார். மனைவியைக் கண்டதும் சிதம்பரநாதன் இன்னும் ஒரு படி தண்ணீருக்குள் இறங்கினார்.

அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு சாதி. மகளிடம், முன்னால் நின்று நடத்திவைக்கிறேன் என்றிருந்தார். அண்ணன்மாரிடம், அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றிருந்தார். மனைவியிடம், பார்க்கலாம் என்றிருந்தார். நாள் நெருங்க நெருங்க மனுஷனுக்குத் துறவின் மேல் ஆசை முற்றிவிட்டது. சந்நியாசியை யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்?

"இவர் துறவுக்கு உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று குரு கேட்டார்.

"சம்மதம் தர்றேன் சாமி. அதுக்கு முன்னாடி, மக கல்யாணத்துல இவருக்குச் சம்மதமா இல்லையான்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். இல்லைன்னாலும் சரிதான். அவகிட்ட நான் ஏதாவது ஒண்ணு சொல்லியாகணும்."

பழக்கதோஷம், சிதம்பரநாதன் குருவின் முகத்தைப் பார்த்தார். எந்தப் பதில் இவருக்குப் பிடிக்கும்?

குரு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

பார்ப்பதற்கு வேறு முகம் இல்லை. நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. தண்ணீரின் குளிர் முதுகுத்தண்டில் ஏறியது. தையல்நாயகி அசையாமல் நின்றாள். முப்பது வருஷமாகத் தன்னோடு இருப்பவளை நேராகப் பார்க்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"சம்மதம்தான் நாயகி" என்றார். "அந்தப் பையனை எனக்குப் பிடிச்சிருக்கு. அண்ணனுங்களுக்குத்தான் பயந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் சொன்ன சொல் தவறாமல், "எனக்குச் சம்மதம் சாமி" என்றாள்.

சிதம்பரநாதன் காவிக்காகக் கைகளை நீட்டினார். குருவோ காவித் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் என்ன தடை சாமி?"

"நான் யாருன்னு கேட்டீங்களே, இத்தனை நாளா என்கிட்ட யாருமே வரலை. இப்பத்தான் ஒருத்தர் வந்திருக்கார்" என்றார் குரு. "முதல்ல அவர் மக கல்யாணத்துக்குப் போயிட்டு வரட்டும்."