ஆரையின் நான்காம் இலை

அந்தக் காலத்தில் செடிகளும் மீன்களும் பறவைகளும் ஒரே மொழி பேசின. அப்போது ஓர் ஏரிக்கரையில் ஆரையும் புளியாரையும் அக்காள் தங்கையராய் வாழ்ந்தார்கள். இருவருக்கும் மூன்று மூன்று இலைகளே. மேட்டில் நின்ற தங்கை புளியாரை, மஞ்சள் பூக்களாய்ப் பூத்துக் குலுங்கினாள். நீரில் இலைகளை மிதக்கவிட்டிருந்த ஆரையோ, ஒரு பூவுக்காக ஏங்கிக் கிடந்தாள்.

ஒருநாள் காலையில் அவளுடைய தண்டிலும் மொட்டு ஒன்று எழுந்தது! ஆரைக்கு வேர் தரையில் பாவவில்லை.

“அடி புளியாரை, பாரடி! வெயில் ஏறியதும் விரிந்துவிடும். என்ன நிறம், சொல் பார்ப்போம்!”

“சேற்று நிறந்தான், வேறென்ன? தேனீக்களை எல்லாம் அழைத்திருக்கிறேன், அக்கா. என் மானத்தை வாங்கிவிடாதே!”

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் தண்ணீர் கலங்கியது. தாய் விரால் ஒருத்தி, தன் செந்நிறக் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு பதறி வந்தாள்.

“ஆரையம்மா! மீன்கொத்தி துரத்துகிறான். பிள்ளைகளை மறைத்துக்கொள், தாயே!”

“வாருங்கள், வாருங்கள், சீக்கிரம்!”

ஆரை மூன்று இலைகளையும் அகல விரித்தாள். அப்படியும் ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. அந்த இடைவெளியில் குஞ்சுகள் செக்கச்செவேலென்று மின்னின.

“எனக்கென்று வாசல் வைத்துக் கூரை போட்டாயோ, ஆரை?” என்று மேலே சிறகடித்தபடி நகைத்தான் மீன்கொத்தி. மறுகணம் சிறகை மடக்கி, அம்பாய்ப் பாய்ந்தான்.

ஆரையிடம் மிஞ்சியிருந்தது மொட்டு ஒன்றே. அவள் அதைச் சாய்த்தாள்.

“ஐயோ, வேண்டாம் அக்கா!” என்று அலறினாள் தங்கை. “முதல் மொட்டை இலையாக விரித்தால் உன் வமிசத்துக்கே பூ கிடையாது!”

“கிடையாவிட்டால் போகிறது, போடி!”

படாரென்று விரிந்தது நான்காம் இலை! மீன்கொத்தியின் அலகு அதில் வழுக்கியது. அவன் தலைகுப்புறச் சேற்றில் விழுந்து, தும்மிக்கொண்டே ஓடிப்போனான்.

“நான்கு! நான்கு! நான்கிலை கண்டோம், பிழைத்தோம்!” என்று குஞ்சுகள் துள்ளிக் கூத்தாடின.

அந்நேரம் தேனீக்கள் வந்து சேர்ந்தன. “பூ எங்கே?” என்று கேட்டன.

“அதோ, அக்காள் விரித்து வைத்திருக்கிறாளே, கண் தெரியவில்லையா?” என்று சீறினாள் புளியாரை. தேனீக்கள் அந்தப் பச்சை இலையைச் சுற்றி வந்து வணங்கின.

ஆரை நான்கிலை கொண்டதும், பூவாமலே நின்றதும் அன்று முதல்தான். புளியாரை போன்ற மூவிலைக் கூட்டத்தின் நடுவே நான்கிலை ஒன்றைக் கண்டவர்கள், சாவிலிருந்து அப்போதுதான் தப்பியவர்களைப் போல, “அதிர்ஷ்டம்! அதிர்ஷ்டம்!” என்று துள்ளுவதும் அன்று முதல்தான்.